பெருக்கலில் பங்கீட்டுப் பண்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் இந்தப் பண்பைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பெரிய வயதில் கணக்கை மறுபடி பிடிக்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படும். நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. பங்கீட்டுப் பண்பு, பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் வந்து போகும் சூத்திரமாகக் கற்பிக்கப்படுவதால்தான் பல பிள்ளைகளுக்குப் பெருக்கல் புரியாமலே போகிறது. அவர்கள் போடும் ஒவ்வொரு பெரிய பெருக்கலுக்குள்ளும் இதுதான் வேலை செய்கிறது. அதை முதலில் கண்ணால் பார்க்கட்டும், பெயர் பிறகு வரட்டும்.

பங்கீட்டுப் பண்பு என்றால் என்ன?

ஒரு எண்ணைப் பெருக்கும்போது, அதை இரண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பெருக்கி, கடைசியில் கூட்டினாலும் அதே விடைதான் வரும். 7 × 12 வேண்டுமென்றால் 12-ஐ 10 + 2 என்று பிரிக்கலாம். 7 × 10 = 70, 7 × 2 = 14, இரண்டும் சேர்ந்து 84.

எழுத்தில் சொன்னால்:
அ × (ஆ + இ) = அ × ஆ + அ × இ

இரண்டு துண்டுதான் என்று கட்டாயமில்லை. மூன்று, நான்கு, எத்தனை வேண்டுமானாலும் போடலாம். ஒன்று மட்டும் முக்கியம்: வெளியே நிற்கும் எண் எந்தத் துண்டையும் விட்டுவிடாமல் பெருக்க வேண்டும்.

அது ஏன் எப்போதும் சரியாக வருகிறது?

ஒரு தாளில் 7 வரிசை, வரிசைக்கு 12 புள்ளி என்று வைக்கச் சொல்லுங்கள். பத்தாவது புள்ளிக்கு அடுத்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 7 வரிசையில் பத்துப் பத்துப் புள்ளிகள், வலப்பக்கம் 7 வரிசையில் இரண்டிரண்டு புள்ளிகள். கோடு போட்டதால் ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினால் மொத்தம் கிடைத்தே ஆக வேண்டும். இவ்வளவுதான் காரணம்.

இப்போது கோட்டை நகர்த்திப் போடச் சொல்லுங்கள். ஐந்துக்கு அடுத்து, எட்டுக்கு அடுத்து, பிள்ளை விரும்பும் இடத்தில். 35 + 49, 56 + 28 என்று துண்டுகள் மாறும், மொத்தம் 84 மாறாது. கோடு எங்கே விழுந்தாலும் மொத்தம் அசையாது என்பதைத் தன் கையால் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு மேலே உள்ள சூத்திரத்தை விளக்கவே தேவையில்லை. பார்க்காத பிள்ளைக்கு எத்தனை முறை விளக்கினாலும் அது வெறும் எழுத்துகளின் வரிசைதான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

வாய்ப்பாடு படிக்கத் தொடங்கும்போதே. 'பண்பு' என்ற பேச்சு எதுவும் வேண்டாம். 7 × 8 மறந்து நிற்கும் பிள்ளையிடம் விடையைச் சொல்லிவிடாமல், "ஏழைந்து தெரியும் இல்லையா? ஏழு மூன்றும் தெரியும். சேர்த்துப் பார்" என்று சொல்லுங்கள். 35 + 21 = 56. அந்தப் பிள்ளை பங்கீட்டுப் பண்பைப் பயன்படுத்திவிட்டது. பெயரையும் எழுத்து வடிவத்தையும் இதெல்லாம் பழகிய பிறகு, நிதானமாகக் கொடுத்தால் போதும்.

அப்படியானால் வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டாமா?

வேண்டும். 40 × 6 என்று பிரித்த பிறகு நாலாறு எவ்வளவு என்று யோசித்து நின்றால் பிரித்ததில் பயன் இல்லை. ஆனால் 2, 5, 10 வாய்ப்பாடுகள் உறுதியாக இருந்தால் மற்றவற்றை அவற்றிலிருந்து கட்டி எழுப்பலாம். 9 × 6 தெரியவில்லையா? 10 × 6-இல் ஒரு 6 குறைத்தால் 54. 12 × 7? 70-உடன் 14. இப்படித் திரும்பத் திரும்பக் கட்டியெழுப்பியே பல விடைகள் தானாக மனதில் தங்கிவிடும். மறந்தாலும் திரும்பிப் போக ஒரு வழி இருக்கிறது என்ற தெம்பும் பிள்ளைக்கு வரும். எனக்கு அந்தத் தெம்புதான் மனப்பாடத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

எண்ணை எங்கே பிரிப்பது? அதற்கு விதி இருக்கிறதா?

விதி கிடையாது, எங்கே பிரித்தாலும் விடை சரியாகத்தான் வரும். ஆனால் எளிதாக வருமா என்பது வேறு கேள்வி. 6 × 47-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

40 + 7 என்று பிரித்தால் 240 + 42 = 282. நல்ல வழி.
50 − 3 என்று எடுத்தால் 300 − 18 = 282. இதுவும் நல்ல வழி, சிலருக்கு இன்னும் வேகம்.
25 + 22 என்று பிரித்தால் 150 + 132 = 282. தவறில்லை, ஆனால் வேலை குறையவில்லை.

பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் பிரிப்பதுதான் எப்போதும் கைகொடுக்கும் வழி. அது பழகிய பிறகு எண்ணைப் பார்த்ததும் எது தோது என்று தேடும் பழக்கத்தை வளர்க்க வேண்டும். 8 × 27 என்றால் 25 + 2 அழகாக இருக்கும். எட்டு இருபத்தைந்து 200, அதோடு 16, ஆக 216. ஒரே கணக்கை இரண்டு விதமாகப் பிரிக்கச் சொல்லி, எது எளிது, ஏன் என்று பிள்ளையையே சொல்ல வையுங்கள். பத்துக் கணக்கை ஒரே வழியில் போடுவதைவிட இரண்டு கணக்கை இப்படிப் போடுவது மேல்.

இரண்டு எண்களுமே இரண்டு இலக்கமாக இருந்தால் என்ன செய்வது?

இந்த இடத்தில்தான் மிக அதிகமான பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

23 × 14 கொடுத்தால், 20 + 3, 10 + 4 என்று சரியாகப் பிரித்துவிட்டு, 20 × 10 = 200, 3 × 4 = 12, ஆக 212 என்று எழுதுவார்கள். பத்தைப் பத்தோடும் ஒன்றை ஒன்றோடும் பெருக்கியது அவர்களுக்கு நியாயமாகவே தெரியும். ஏனென்றால் கூட்டலில் அப்படித்தான் செய்து பழகியிருக்கிறார்கள். 23 + 14-க்குப் பத்துகளைத் தனியாகவும் ஒன்றுகளைத் தனியாகவும் கூட்டினால் 37 சரியாக வருகிறதே! ஆகவே இதைக் கவனக்குறைவு என்று திட்டக்கூடாது. கூட்டலில் கற்ற ஒழுங்கை அந்தப் பிள்ளை பெருக்கலுக்கும் கொண்டுவந்திருக்கிறது.

முதலில் விடையைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுங்கள். 20 × 14 மட்டுமே 280. அதைவிடப் பெரிய 23 × 14 எப்படி 212 ஆகும்? இந்தக் கேள்வி வந்தாலே பாதி வேலை முடிந்தது.

அப்புறம் ஒரு செவ்வகம் வரையுங்கள். நீளம் 23, அகலம் 14. நீளத்தை 20, 3 என்றும் அகலத்தை 10, 4 என்றும் கோடு போட்டுப் பிரித்தால் நான்கு அறைகள் கிடைக்கும்:

20 × 10 = 200
20 × 4 = 80
3 × 10 = 30
3 × 4 = 12

கூட்டினால் 322. 212 என்று எழுதிய பிள்ளை எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு அறைகளை மட்டும் எண்ணியிருக்கிறது. 80-உம் 30-உம் சேர்ந்த 110 விடுபட்டுவிட்டது. படத்தில் அந்த இரண்டு அறைகளுக்கு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். எது காணாமல் போனது என்று வாயால் சொல்வதைவிட, காணாமல் போனதன் அளவைக் கண்ணால் பார்ப்பது நன்றாக மனதில் தங்கும்.

தொடக்கத்தில் கட்டத்தாளில் உண்மையான அளவுக்கே வரையலாம். பிறகு அளவு பார்க்காமல் வெறும் நான்கு அறைப் பெட்டி போதும். மூன்றிலக்க எண்ணை இரண்டிலக்க எண்ணால் பெருக்க ஆறு அறை, மூன்றிலக்கத்தை மூன்றிலக்கத்தால் பெருக்க ஒன்பது அறை. அந்த அளவுக்குப் போகும்போது பெட்டியைவிட வழக்கமான முறைதான் வசதி.

பள்ளியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்கும் முறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அந்த முறையே இதுதான். 23-க்குக் கீழே 14 எழுதி, முதல் வரியில் 23 × 4 = 92 போடுகிறோம். பெட்டியில் இருந்த 80-உம் 12-உம் சேர்ந்ததுதான் அது. இரண்டாவது வரியில் 230. பெட்டியின் 200-உம் 30-உம். கூட்டினால் 322.

இரண்டாவது வரியில் வலது ஓரத்தில் ஏன் ஒரு இடம் தள்ளி எழுதுகிறோம் என்று கேட்டால், "அப்படித்தான் எழுத வேண்டும்" என்ற பதில்தான் நிறையப் பேரிடம் இருக்கிறது. 14-இல் உள்ள 1 பத்தைக் குறிக்கிறது. ஆகவே அந்த வரி 23 × 1 அல்ல, 23 × 10. தள்ளி எழுதுவதற்கு அதுதான் காரணம். பெட்டியையும் இந்த முறையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எந்த வரி எந்த அறை என்று பிள்ளையைக் காட்டச் சொன்னால் இது உடனே பிடிபடும்.

கழித்தலுக்கும் பொருந்துமா?

பொருந்தும். 99 × 47 என்றால் 100 × 47-இல் ஒரு 47-ஐக் குறைக்கலாம்: 4700 − 47 = 4653. 98 × 36 என்றால் 3600 − 72 = 3528. இங்கே வரும் தவறு, குறைக்க வேண்டிய அளவில். 98-க்கு நூறில் இரண்டு குறைவு என்பதால் விடையில் 2-ஐக் கழித்துவிடுவார்கள். குறைவது இரண்டு '36'கள், அதாவது 72.

வகுத்தலுக்கு?

பாதிதான் பொருந்தும். வகுபடும் எண்ணைப் பிரிக்கலாம்: 91 ÷ 7-க்கு 70 ÷ 7 + 21 ÷ 7 = 10 + 3 = 13. வகுக்கும் எண்ணைப் பிரிக்கக்கூடாது. 60 ÷ (2 + 3) என்பது 60 ÷ 5 = 12. அதையே 60 ÷ 2 + 60 ÷ 3 என்று போட்டால் 30 + 20 = 50, முற்றிலும் தவறு. பெருக்கலில் எந்தப் பக்க எண்ணையும் பிரிக்கலாம், வகுத்தலில் அந்தச் சுதந்திரம் இல்லை.

2 × (3 × 4)-க்கும் இதே போல உள்ளே இரண்டையும் பெருக்கலாமா?

கூடாது. 2 × (3 × 4) = 2 × 12 = 24. இரண்டையும் பெருக்கினால் 6 × 8 = 48 ஆகிவிடும், இரண்டு முறை இரட்டித்துவிட்டோம். அடைப்புக்குறிக்குள் கூட்டலோ கழித்தலோ இருந்தால்தான் பங்கீட்டுப் பண்பு. உள்ளேயும் பெருக்கலே இருந்தால் அது சேர்ப்புப் பண்பு, அதாவது எந்த இரண்டை முதலில் பெருக்கினாலும் ஒன்றுதான் என்பது.

கூட்டலை இடம் மாற்றியும் பார்க்கலாம்: 2 + (3 × 4) = 14. ஆனால் (2 + 3) × (2 + 4) = 30. பெருக்கல் கூட்டலின் மீது பங்கிடப்படும், கூட்டல் பெருக்கலின் மீது பங்கிடப்படாது.

பின்னத்திலும் தசமத்திலும் இதைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. 8 × 2½-க்குக் கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக மாற்ற வேண்டிய அவசியமே இல்லை: 16 + 4 = 20. 7 × 1.98 என்றால் 14 − 0.14 = 13.86.

குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது?

இதை இங்கே கேட்பது பொருத்தம்தான், ஏனென்றால் பதில் பங்கீட்டுப் பண்பில் இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த இடமும்கூட.

(−3) × 4 என்பது −3-ஐ நான்கு முறை கூட்டுவது, −12. இதில் சிக்கல் இல்லை. இப்போது (−3) × (4 + (−4)) என்று எழுதுவோம். அடைப்புக்குறிக்குள் இருப்பது பூச்சியம், ஆகவே விடை பூச்சியம். அதையே பங்கிட்டால் (−3) × 4 + (−3) × (−4), அதாவது −12 + (−3) × (−4). இதுவும் பூச்சியமாகத்தானே இருக்க வேண்டும்? −12-உடன் எதைச் சேர்த்தால் பூச்சியம் வரும்? 12. ஆகவே (−3) × (−4) = 12.

யாரோ வைத்த சட்டம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று, உண்மையில் வேறு வழியே இல்லாமல் வந்து நிற்கிறது. குறை எண்களுக்கும் பங்கீட்டுப் பண்பு பொருந்த வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், இந்த விடையைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

இயற்கணிதத்தில் என்னென்ன தவறுகள் வருகின்றன?

பெரும்பாலும் மூன்று.

5(அ + 3)-ஐ 5அ + 3 என்று எழுதுவது. வெளியே உள்ள 5 முதல் உறுப்போடு நின்றுவிட்டது. சரியான விடை 5அ + 15. சந்தேகம் வந்தால் அ-க்கு ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அ = 2 என்றால் 5 × 5 = 25. 5அ + 3-இல் 13 வருகிறது, 5அ + 15-இல் 25 வருகிறது.

10 − 3(அ − 2)-இல் குறியைத் தவறவிடுவது. பங்கிட வேண்டியது 3 அல்ல, −3. ஆகவே 10 − 3அ + 6 = 16 − 3அ. நடுவில் − 6 என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை.

மூன்றாவது, (அ + ஆ)²-ஐ அ² + ஆ² என்று எழுதுவது. இது 212 என்று எழுதிய அதே பிழைதான், சில வருடங்கள் கழித்து எழுத்து வடிவில் திரும்பி வந்திருக்கிறது. பக்கம் அ + ஆ உள்ள சதுரத்தை வரைந்தால் நான்கு அறைகள்: அ², அஆ, அஆ, ஆ². ஆகவே அ² + 2அஆ + ஆ². எண்ணில் பார்த்தால் (3 + 4)² = 49. 9 + 16 = 25 மட்டுமே. குறைந்த 24-தான் 2 × 3 × 4. சின்ன வகுப்பில் நான்கு அறைப் பெட்டி வரைந்து பழகியவர்களுக்கு இந்த முற்றொருமை புதிய பாடமாகவே தெரியாது.

இதைப் பின்னோக்கியும் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், பயன்படுத்தவும் வேண்டும். 37 × 64 + 37 × 36 என்ற கணக்கைப் பார்த்ததும் இரண்டு பெருக்கல் போடத் தொடங்குபவர்களே அதிகம். 37 இரண்டிலும் பொதுவாக இருக்கிறது, அதை வெளியே எடுத்தால் 37 × (64 + 36) = 37 × 100 = 3700. இயற்கணிதத்தில் 6அ + 15-ஐ 3(2அ + 5) என்று பொதுக்காரணி எடுத்து எழுதுவதும் இதுதான். முன்னோக்கிப் பிரிப்பதை மட்டும் பழக்கிவிட்டு, சேர்ப்பதைப் பழக்காமல் விட்டால் காரணிப்படுத்துதல் தனியொரு புதிராக வந்து நிற்கும்.

5-இல் முடியும் எண்ணின் வர்க்கத்தை நொடியில் சொல்லும் முறையும் இப்படித்தான் வருகிறதா?

ஆமாம். 65² என்றால் 6-ஐ அடுத்த எண் 7-ஆல் பெருக்கி 42, பின்னால் 25 சேர்த்து 4225 என்பார்கள். காரணம்: (60 + 5)(60 + 5) = 3600 + 300 + 300 + 25. நடுவில் உள்ள இரண்டு 300-உம் சேர்ந்து 60 × 10. ஆகவே 60 × 60 + 60 × 10 = 60 × 70 = 4200, அதோடு 25. வித்தையாகச் சொல்லிக்கொடுத்தால் வியப்போடு முடிந்துவிடும், காரணத்தோடு சொன்னால் பிள்ளை அடுத்ததைத் தானே தேடும்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

ஒருவர் கண்டுபிடித்தார் என்று சொல்லவே முடியாது. சுமார் கி.மு. 1550-ஐச் சேர்ந்த எகிப்தின் ரைண்ட் பாப்பிரசில் இரட்டித்து இரட்டித்துப் பெருக்கும் முறை இருக்கிறது. அந்த முறையில் 13 × 24 போட, 24, 48, 96, 192 என்று இரட்டித்துக்கொண்டே போய், 13 = 1 + 4 + 8 என்பதால் 24 + 96 + 192 = 312 என்று கூட்டுவார்கள். சுமார் கி.மு. 300-இல் யூக்ளிட் தன் 'எலிமெண்ட்ஸ்' நூலின் இரண்டாம் பகுதியை இந்தப் பண்போடுதான் தொடங்குகிறார், செவ்வகத்தைத் துண்டாக்கும் வடிவத்தில்.

1150-இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய 'லீலாவதி'யில் 135 × 12 என்ற ஒரே கணக்குக்குப் பல வழிகள் வருகின்றன. 12-ஐ 8 + 4 என்று பிரித்து 1080 + 540 = 1620 என்பது ஒரு வழி. 20-ஆல் பெருக்கி, கூடுதலாகச் சேர்ந்த 8 மடங்கைக் கழித்து 2700 − 1080 = 1620 என்பது இன்னொன்று. ஒரே கணக்கைப் பல விதமாகப் போட்டுப் பார்க்கச் சொல்லும் அந்தப் பழக்கம் இன்றைய வகுப்பறைக்கும் தேவை. பண்புக்கு இன்றைய பெயரைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் செர்வுவா 1814-இல் வைத்தார்.

கால்குலேட்டர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

எந்தக் கருவியும் தட்டச்சுப் பிழையைச் சொல்லித் தராது. 23 × 14-க்கு 3220 என்று திரையில் வந்தால், "இருபதைப் பதினைந்தால் பெருக்கினாலே 300 தானே" என்று சந்தேகிக்கத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, கணினிகள் பெரிய எண்களைப் பெருக்குவதும் இந்தப் பண்பை நம்பித்தான். 1960-இல் அனத்தோலி கரட்சுபா என்ற ரஷ்யக் கணிதவியலாளர், நான்கு அறைக்கு நான்கு பெருக்கல் தேவையில்லை, மூன்றே போதும் என்று காட்டினார். நம் 23 × 14-இலேயே பார்க்கலாம். 2 × 1 = 2, 3 × 4 = 12. மூன்றாவதாக (2 + 3) × (1 + 4) = 25. இதில் 2-ஐயும் 12-ஐயும் கழித்தால் 11. அது நடுவில் உள்ள இரண்டு அறைகளின் கூட்டு, 11 பத்துகள். 200 + 110 + 12 = 322. ஆயிரக்கணக்கான இலக்கங்கள் கொண்ட எண்களைத் துண்டு துண்டாக்கி இப்படிப் பெருக்கும்போது மிச்சமாகும் வேலை ஏராளம்.

வீட்டில் எப்படிப் பயிற்சி கொடுப்பது?

தினமும் இரண்டு மூன்று கணக்கு, வாயால். விடையைக் கேட்பதோடு நிறுத்தாமல் "எப்படிப் பிரித்தாய்?" என்று கேளுங்கள். விடை தவறாக இருந்தால் உடனே திருத்த வேண்டாம். பெட்டி வரைந்து எந்த அறை விடுபட்டது என்று தேடச் சொல்லுங்கள். எழுத்து வடிவத்தையும் பண்பின் பெயரையும் வைத்துக் கேள்வி கேட்பதைத் தேர்வுக்கு முந்தைய நாட்களுக்கு ஒதுக்கினாலே போதும்.

தொடங்குவதற்குச் சில: 6 × 38, 15 × 16, 9 × 99, 101 × 58 − 58. விடைகள் 228, 240, 891, 5800. கடைசிக் கணக்கில் எழுதுகோலையே எடுக்கத் தேவையில்லை என்பதைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் வரை காத்திருங்கள். கொஞ்சம் தேறியவர்களுக்கு 25 × 44 கொடுக்கலாம். 25 × 40 + 25 × 4 என்றும் போடலாம், 25 × 4 × 11 என்றும் போடலாம், இரண்டிலும் 1100. அந்த இரண்டு வழிகளில் எதில் பங்கீட்டுப் பண்பு இருக்கிறது, எதில் சேர்ப்புப் பண்பு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.